பிரித்த வீட்டு உத்திரம்: விற்குமுன் தட்டிப் பாருங்கள்

தை அறுவடை முடிந்து கையில் சிறிது பணம் சேர்ந்ததும் கிராமங்களில் வீடு பிரிக்கும் வேலை தொடங்கிவிடும். அப்பா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்து, அதே மனையில் கான்கிரீட் வீடு கட்ட வேண்டும் என்பது பல சிறு விவசாயிகளின் நெடுநாள் ஆசை. பிரிக்க வருபவர் வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பார். "மரமெல்லாம் உளுத்துப் போச்சுங்க. பிரிக்கிற கூலிக்கே சரியாப் போகும். ஓட்டையும் மரத்தையும் நானே எடுத்துக்கிறேன்" என்பார். தொல்லை விட்டது என்று வீட்டுக்காரரும் சம்மதிப்பார். இரண்டு மாதம் கழித்துப் புது வீட்டுக்கு நிலையும் கதவும் செய்ய மரவாடிக்குப் போய்க் கன அடி விலை கேட்கும்போதுதான், லாரியில் ஏறிப் போனது என்ன என்பது விளங்கும்.

பிரித்த மரம் எல்லாமே நல்ல மரம் என்று சொல்வதற்கில்லை. முழுதும் கெட்டுப்போன கட்டையும் அதில் இருக்கும். ஆனால் எது நல்லது, எது கெட்டது என்று ஒவ்வொரு கட்டையாகப் பார்க்காமல் மொத்தமாக விலை பேசுவதில்தான் நஷ்டம். எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. "தேக்காக்கும், நூறு வருஷம் நின்ற மரம்" என்ற நம்பிக்கையில், முனை மக்கிய உத்திரத்தை அப்படியே மாட்டுக் கொட்டகைக்கு ஏற்றிவிடுகிறார்கள். அது மாட்டின் மேல் விழலாம். மனிதர் மேலும் விழலாம். இரண்டு தவறையும் தவிர்க்க ஒரு சுத்தியலும், ஒரு குத்தூசியும், ஒரு நாள் பொழுதும் போதும்.

என்ன மரம் என்று அறிதல்

கூரை மரத்தின் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். இங்கு உத்திரம் என்பது சுவருக்குச் சுவர் கிடந்து பாரம் சுமக்கும் கட்டை. முகட்டில் நீளவாக்கில் ஓடுவது முகட்டு வளை. அதிலிருந்து சுவர் நோக்கிச் சரிவாக இறங்குவது கைமரம். கைமரத்தின் மேல் குறுக்காக அடித்து ஓடு தாங்குவது ரீப்பர். நகரத்துப் பழைய வீடுகளிலும் வசதியான கிராம வீடுகளிலும் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கட்டைக்குத்துத் தளம் இருக்கும். அதில் உத்திரங்களை நெருக்கமாகப் போட்டு, மேலே சிறு செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் வைத்திருப்பார்கள். இந்தத் தளம் உள்ள வீட்டில் மரம் மிகுதி.

சிறு விவசாயியின் வீட்டில் பெரும்பாலும் பனை, வேம்பு, இலுப்பை, பூவரசு, மருது ஆகியவையே இருக்கும். ஓரிரண்டு உத்திரம் மட்டும் தேக்காக இருக்கக்கூடும். நூறாண்டுப் புகையும் தூசியும் ஏறிய கட்டையைப் பார்த்து மரத்தின் இனம் சொல்ல முடியாது. ஒரு மூலையில் நாலு அங்குலம் இழைப்புளியால் சீவிப் பார்க்க வேண்டும். தேக்கு பொன்னிறமாகவோ பழுப்பாகவோ தெரியும். கையில் எண்ணெய்ப் பசை தட்டும், தோல் பதனிட்ட வாசனை வரும். வேம்பு செந்நிறமாக இருக்கும். சீவிய தூளை நாக்கில் வைத்தால் கசக்கும். இலுப்பை கனத்தாலேயே தெரிந்துவிடும். பனையில் கறுப்பு நார் வரிவரியாக ஓடும்.

பர்மா தேக்குக்குத் தனி மதிப்பு உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் போடப்பட்ட தேக்கு பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் உருட்டுமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. காரைக்குடியில் பழைய தூண், கதவு, உத்திரம் விற்கும் கடைகள் ஒரு தெரு நிறைய இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆகவே உத்திரம் தேக்கு என்று தெரிந்தால், முதலில் கேட்டவரிடமே விலை முடிக்காமல் இரண்டு மூன்று இடங்களில் விசாரிப்பது நலம்.

பனையை மட்டமாக எண்ண வேண்டாம். முற்றிய பனையின் வெளிப்புறத்து வைரம் இரும்புபோல் இருக்கும். உள்சோறு மட்டும் மென்மையானது. பிளந்து எடுத்த கைமரத்தில் சோற்றுப்பக்கம் உதிர்ந்திருந்தாலும், கறுப்பு வைரம் இரண்டு அங்குலம் கெட்டியாக நின்றால் அது இன்னும் பல காலம் உழைக்கும். 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனை மரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே புதுப் பனங்கை தேடி அலைவதைவிட இருப்பதைப் பேணிக்கொள்வதே சிறந்தது.

பிரிக்கும் முறை

பாதி மரம் கெடுவது கூரையில் அல்ல, பிரிக்கும்போதுதான். கடப்பாரையால் நெம்பி மேலிருந்து தள்ளினால் பத்தடிக் கைமரம் நடுவில் முறியும், உத்திரம் முனையில் பிளக்கும். கூலி குறைவு என்பதற்காக இதை அனுமதிக்கக்கூடாது.

மழை இல்லாத மாதமாகப் பார்த்து வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் மின்சார இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். ஓட்டின் அடியில் தேளும் குளவிக்கூடும், சில வேளை பாம்பும் இருக்கும். வெறும் கையை உள்ளே விடக்கூடாது. ஓட்டை முகட்டிலிருந்து கீழ்நோக்கி, இரண்டு சரிவிலும் சமமாக எடுத்து வர வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் எடுத்துவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டால், பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து முகட்டு வளை புரளும். பிறகு ரீப்பர், அடுத்து கைமரம், அதன்பின் வளை, கடைசியில் உத்திரம். கைமரத்தை எடுக்கும்போதே சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ எண் போட்டு வைத்தால், கொட்டகைக்கு ஏற்றும்போது ஆசாரிக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ இருக்கும். வேம்பும் இலுப்பையும் அதைவிடக் கனம். 12 அடி நீளத்தில் 6 அங்குல அகலமும் 5 அங்குல கனமும் உள்ள சாதாரண உத்திரமே 45 கிலோவுக்கு மேல் வரும். இரண்டு முனையிலும் கயிறு கட்டி, ஆள் நின்று இறக்க வேண்டும். கீழே ஒருவரும் நிற்கக்கூடாது. மண் சுவரின் மேல் நின்றுகொண்டு உத்திரத்தைப் பெயர்ப்பது ஆபத்து. பாரம் போன பிறகு அந்தச் சுவருக்குப் பிடிப்பு இல்லை.

தட்டிப் பார்த்தல், குத்திப் பார்த்தல்

இறக்கிய கட்டையை இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அரையடிக்கு ஒரு தட்டாகச் சுத்தியலால் தட்டி வர வேண்டும். நல்ல மரம் கணீரென்று சொல்லும். உள்ளே பொந்து விழுந்த இடம் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் குத்தூசியையோ மெல்லிய திருப்புளியையோ வைத்து அழுத்த வேண்டும். வைரம் பாய்ந்த மரத்தில் கால் அங்குலம்கூட இறங்காது. மக்கிய இடத்தில் பழத்தில் இறங்குவதுபோல் இறங்கும்.

கட்டையின் நடுப்பகுதியைவிட இரு முனைகளைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும். உத்திரத்தின் நடுப்பகுதி காற்றில் கிடக்கிறது, காய்ந்தே இருக்கிறது. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழ் இருக்கும்வரை பூசணம் அதை மக்கச் செய்வதில்லை. ஆனால் முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது. ஓடு ஒழுகினால் நீர் சுவர் வழியே இறங்கி அங்கேதான் தங்கும். கறையானும் தரையிலிருந்து சுவருக்குள் ஏறி முதலில் தொடும் இடம் அதுவே. வெளிப்பார்வைக்கு முனை முழுதாகத் தெரியும். உள்ளே மண் மட்டும் இருக்கும். "மரமெல்லாம் உளுத்துப்போச்சு" என்று சொல்பவர் காட்டுவதும் இந்த ஒன்றரை அடியைத்தான். முனையை அறுத்துவிட்டால் எஞ்சிய எட்டடியோ பத்தடியோ முதல் தரமாக நிற்பது உண்டு.

இதில் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும. நம் வீடுகளில் பெரும்பாலும் காணும் கறையான் மரத்தில் குடியிருப்பதில்லை. மண்ணில் குடியிருந்து, மண் குழாய் கட்டி வந்து தின்றுவிட்டுப் போகிறது. மண் தொடர்பு அறுந்துவிட்டால் காய்ந்த கட்டையில் அது பிழைக்காது. ஆகவே கறையான் தின்ற பகுதியை அறுத்து நீக்கிய பின், "இது மற்ற மரத்துக்கும் பரவும்" என்று அஞ்ச வேண்டியதில்லை. கடலோரப் பகுதிகளில் மட்டும், மண் தொடர்பின்றி மரத்துக்குள்ளேயே வாழும் வேறு வகைக் கறையான் உண்டு. கட்டையைத் தட்டினால் கசகசா போன்ற சிறு மணிகள் உதிர்வது அதன் அடையாளம். அத்தகைய கட்டையைத் தனியே ஒதுக்க வேண்டும்.

வண்டு விஷயம் வேறு. குண்டூசித் தலை அளவுத் துளையும், மாவு போன்ற தூளும் இருந்தால் அது உளுவண்டின் வேலை. இந்த வண்டு பெரும்பாலும் மரத்தின் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியையே தின்னும், வைரத்தை விட்டுவிடும். துளைகளைக் கண்டதும் பயந்துவிடாமல், அவை பழையவையா புதியவையா என்று பார்க்க வேண்டும். பழைய துளையின் உட்புறம் கறுத்திருக்கும். புதியதில் உட்புறம் வெளுப்பாக, புது மரம்போல் தெரியும். கட்டையை நன்றாகத் துடைத்து, அடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்து மூன்று வாரம் விட்டால், வண்டு உயிரோடிருந்தால் துணியில் புதுத் தூள் விழும். வெயிலில் போட்டால் வண்டு செத்துவிடும் என்பது சரியல்ல. ஏற்றுமதிப் பெட்டி மரங்களுக்கான சர்வதேச விதி, கட்டையின் நடுமையம் வரை 56 டிகிரி வெப்பம் அரைமணி நேரம் ஏற வேண்டும் என்கிறது. சித்திரை வெயில் மேல்புறத்தைத்தான் சுடும்.

வெடிப்புகளிலும் வேறுபாடு உண்டு. நாரோட்டத்திலேயே நீளவாக்கில் ஓடும் மெல்லிய வெடிப்பு, மரம் காய்ந்ததால் வந்தது, பெரும்பாலும் தீங்கில்லை. பக்கவாட்டில் தொடங்கிச் சாய்வாக அடிப்புறம்வரை வரும் வெடிப்பும், குறுக்கே மயிரிழைபோல் ஓடும் முறிவும் ஆபத்தானவை. இவை உள்ள கட்டையைக் கூரைக்குப் போடக்கூடாது. நீளத்தைக் குறைத்து வேறு சாமானுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடுப்படிக் கைமரங்கள் கரி பிடித்துக் கறுத்திருக்கும். அவற்றை விறகில் தள்ளிவிடுவது வழக்கம். உண்மையில் வீட்டிலேயே நல்ல நிலையில் இருப்பது பல வேளை அவைதான். விறகடுப்பின் சூடும் புகையும் ஈரம் அண்டவிடாமல், பூச்சி நெருங்கவிடாமல் காத்திருக்கும். கம்பித் தூரிகையால் கரியைத் தேய்த்துவிட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஆணி எடுத்தல்

பழைய கட்டையை அறுவை மில்காரர் வாங்கத் தயங்குவார். காரணம் ஆணி. மரத்துக்குள் ஒடிந்து கிடக்கும் ஓர் ஆணி பட்டால் ரம்பப் பட்டை அறுந்து தெறிக்கும். பட்டையும் போகும், ஆளுக்கும் காயம். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி நீலங்கலந்த கறுப்புக் கறை படர்ந்திருக்கும். இரும்புத் துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. அந்தக் கறை கண்ட இடத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்தால், உள்ளே ஆணி மேலாக இருந்தால் இழுக்கும். வளைந்து மறுபுறம் வந்த ஆணியைக் கூர்முனைப் பக்கமிருந்து தட்டி, தலை எழும்பியதும் பிடுங்க வேண்டும். தலை உடைந்ததைச் சுற்றிலும் உளியால் சிறிது தோண்டிக் குறடால் எடுக்கலாம். மில்லுக்குக் கொண்டுபோகும்போது எடுக்க முடியாத ஆணிகளைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டிவிடுவது நாணயம்.

எவ்வளவு மரம் இருக்கிறது

விலை பேசுமுன் கன அடி தெரிந்திருக்க வேண்டும். கணக்கு எளிது. அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும்.

ஒரு சிறு ஓட்டு வீட்டில் 12 அடி நீளமும் 6-க்கு 5 அங்குலமும் உள்ள உத்திரம் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். ஒன்று 2½ கன அடி. இரண்டும் சேர்ந்து 5 கன அடி. 10 அடி நீளமும் 4-க்கு 2 அங்குலமும் உள்ள கைமரம் இருபது. ஒன்று அரைக் கன அடிக்குச் சற்று அதிகம். இருபதும் சேர்ந்து 11 கன அடி. வளையும் ரீப்பரும் கதவும் சேராமலே 16 கன அடி மரம் அந்தக் கூரையில் இருக்கிறது. அதே இனப் புது மரத்தின் கன அடி விலையைப் பக்கத்து மரவாடியில் கேட்டு, இந்த 16-ஆல் பெருக்கிப் பார்த்தால், "கூலிக்குச் சரியாப் போகும்" என்ற பேச்சின் எடை தெரிந்துவிடும். பழைய மரத்துக்குப் புது மரத்தின் விலை கிடைக்காது, கழிவும் போகும். ஆனால் பேரம் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

விற்காமல் தானே வைத்துக்கொள்பவர் ஒவ்வொரு கட்டையிலும் என்ன சாமான் வரும் என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன உத்திரம் ஒன்றின் இரு முனையிலும் ஓரடி மக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுத்தால் 10 அடி நல்ல மரம். ஆறங்குலத்தை நெடுக இரண்டாகப் பிளந்தால், ரம்பக் கழிவு போக 5 அங்குல அகலமும் 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனமும் உள்ள சட்டம் இரண்டு வரும். ஒவ்வொன்றிலும் 7 அடி ஒரு கால், 3 அடி ஒரு குறுக்குச் சட்டம். ஆக உள்ளறை நிலை ஒன்று முழுதாக முடிந்தது. வாசல் நிலைக்கு இந்த அகலம் போதாது.

பிளந்த சட்டத்தை அன்றைக்கே நிலையாக அடிக்கக்கூடாது. எவ்வளவு பழைய மரமானாலும், பிளந்ததும் உள்முகம் காற்றுப் பட்டுச் சிறிது திருகும். நிழலில் இரண்டு மூன்று வாரம் அடுக்கி வைத்துவிட்டு இழைத்தால் பிறகு அசையாது. பச்சை மரத்தில் செய்த நிலை, கோடையில் கதவு ஆடி, மழையில் கதவு பிடிக்கும் தொல்லை இதில் குறைவு.

கொட்டகைக் கூரைக்குப் போடும்போது

மாட்டுக் கொட்டகை, மோட்டார் அறை, வைக்கோல் சாய்ப்பு, வீட்டுக்குள் பரண் ஆகியவற்றுக்குப் பழைய உத்திரமும் கைமரமும் மிகவும் ஏற்றவை. ஆனால் சில கணக்குகள் உண்டு.

கட்டையை எப்போதும் நெட்டுக்குத்தாக, உயரம் அதிகமாக வரும்படி வைக்க வேண்டும். 4-க்கு 2 அங்குலக் கைமரத்தை நிற்க வைத்தால் ஏற்கும் பாரத்தில், படுக்க வைத்தால் பாதியைத்தான் தாங்கும். தொய்வோ நான்கு மடங்காகும். "ஆணி அடிக்கச் சௌகரியம்" என்று படுக்கைவாட்டில் போட்ட கொட்டகைகள் இரண்டே ஆண்டில் முதுகு வளைந்து நிற்பதைக் கிராமங்களில் காணலாம். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதிகம் இழைப்பதும் கூடாது. 6 அங்குல உயரத்தை 5 அங்குலமாகச் சீவினால் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

முனை அறுத்ததால் நீளம் குறைந்ததே என்று வருந்த வேண்டாம். நீளம் குறையக் குறைய கட்டைக்குப் பலம் கூடும். 12 அடி இடைவெளியில் கிடந்த உத்திரத்தை 9 அடி இடைவெளியில் போட்டால், அடிக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு பாரம் ஏற்கும்.

பழைய கட்டையில் கைமரம் பொருத்திய வெட்டும், ஊஞ்சல் கொக்கி மாட்டிய துளையும் இருக்கும். அத்தகைய வெட்டு நடுப்பகுதியின் அடிப்புறத்தில் வரக்கூடாது. பாரம் ஏறும்போது உத்திரத்தின் அடிப்புறம்தான் இழுபடுகிறது. முறிவு தொடங்குவதும் அங்கேதான். கட்டையைப் புரட்டி வெட்டை மேற்புறம் கொண்டுவந்து, இறுக்கமான மரச்சக்கை அடித்து அடைக்கலாம். நீண்ட காலம் பாரம் சுமந்து தொய்ந்த உத்திரத்தையும் இப்படியே, வளைவு மேல்நோக்கி இருக்கும்படி புரட்டிப் போடலாம்.

சந்தேகமுள்ள கட்டையை மேலே ஏற்றுமுன் தரையிலேயே சோதித்துக்கொள்ளலாம். இரு முனைக்கும் அரையடி உயரத்தில் கல் கொடுத்து, முனைக்கு முனை நூல் கட்டி, மேலே வரவேண்டிய பாரத்துக்குக் குறையாமல் நெல் மூட்டைகளைப் பரப்பி ஒரு நாள் விட வேண்டும். மரக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதிப்படி, ஓடு போன்ற உடையும் பொருளைத் தாங்கும் உத்திரம் தன் நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யலாகாது. 10 அடி உத்திரத்துக்கு இது மூன்றில் ஒரு அங்குலம். மூட்டையை இறக்கியபின் கட்டை பழைய நிலைக்குத் திரும்பாமல் தொய்ந்தே நின்றாலோ, இடையில் 'சடக்' என்ற ஒலி கேட்டாலோ அதைக் கூரைக்கு எடுக்க வேண்டாம். மாடிக்கும், ஆட்கள் புழங்கும் தளத்துக்கும் இந்தச் சோதனை போதாது. பொறியாளரைக் கேட்டே செய்ய வேண்டும்.

முனையைச் சுவரில் வைக்கும் முறைதான் அடுத்த ஐம்பது ஆண்டைத் தீர்மானிக்கும். முனையைச் சிமெண்டுக் கலவையில் புதைத்துப் பூசுவது இப்போதைய கொத்தனார்கள் வழக்கம். அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். அடியில் ஒரு தட்டைக் கல் கொடுத்து, இரு பக்கமும் முனையிலும் அரையங்குலம் காற்றோட்ட இடைவெளி விட்டு வைக்க வேண்டும். பழைய கட்டையைத் தரையில் நட்டுக் கம்பமாக்குவது, புதுக் கான்கிரீட் தளத்துக்கு முட்டுக் கொடுப்பது, செங்கல் சுவர் சுமக்கும் வாசல் மேல்கட்டையாக்குவது ஆகிய மூன்றும் வேண்டாம். முதலாவது மக்கும், மற்றவை மெல்லத் தொய்ந்து சுவரில் விரிசல் காட்டும்.

கூரைக்கு ஆகாத குட்டைத் துண்டுகளை நெல் மூட்டை அடுக்க அடிக்கட்டையாகப் போடலாம். சிமெண்டுத் தரையில் நேரே அடுக்கிய அடிமூட்டை ஈரம் இழுத்துப் பூசணம் பூப்பது யாவரும் அறிந்தது. 4 அங்குல உயரத்தில் கட்டை கொடுத்துக் காற்றுப் போக வழி விட்டால் விதை நெல் முளைப்புத் திறன் கெடாது. அலமாரித் தட்டு, பெஞ்சு, ஊஞ்சல் பலகை ஆகியவற்றுக்கும் பழைய தேக்கு, வேம்புக்கு ஈடு இல்லை.

மருந்து பூசுதல்

வீட்டுக்குள் போடும் மரத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் மலிவானது, மணமற்றது. 10 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 300 கிராம் வெண்காரமும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, வண்ணமோ எண்ணெயோ பூசுவதற்கு முன்பு, வெறும் மரத்தில் மூன்று முறை தடவ வேண்டும். அறுத்த முனைகளும் பழைய துளைகளும்தான் அதிகம் குடிக்க வேண்டிய இடம். இது நீரில் கரைவது. ஆதலால் மழை படும் இடத்துக்கு உதவாது. மாடு நக்கும் தொட்டிக்கும், தானியம் நேரே படும் பலகைக்கும் பூசக்கூடாது; குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

பழைய மரத்திலேயே விஷம் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. முன்பெல்லாம் பரணிலும் குதிரைச் சுற்றியும் பூச்சிக்காகப் பி.எச்.சி. தூளைத் தாராளமாகத் தூவினார்கள். அம்மருந்து 1997-இல் தடை செய்யப்பட்டது. ஆனால் மரத்தில் ஊறியது எளிதில் போவதில்லை. தானியப் பரணிலிருந்து எடுத்த பலகையைத் தீவனத் தொட்டிக்கோ, விதைப் பெட்டிக்கோ, அடுக்களை அலமாரிக்கோ பயன்படுத்த வேண்டாம். கழிவு ஆயில் தடவிய கட்டையும் அப்படியே. பழைய கதவு, உத்திரங்களில் உள்ள வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் வந்தது. அந்த வண்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் தூள் மூச்சில் ஏறும். சிறு குழந்தைகளுக்கு மிகவும் கெடுதி. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைச் சாக்கில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். வண்ணம் பூசிய துண்டையும் மருந்து ஏறிய துண்டையும் அடுப்பில் எரிக்கக்கூடாது. கறையான் தின்ற வெறும் முனைகளை விறகாக்கிக்கொள்ளலாம்.

உடனே வேலை தொடங்காதவர்கள் கட்டைகளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நிழலில் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு இரண்டடி இடைவெளியில் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். குறுக்குச் சட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நேர்கோட்டில் வர வேண்டும்; தவறினால் கைமரம் வளைந்துவிடும். மேலே ஓலை போதும். தார்ப்பாயால் மூட்டையாகக் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

மரத்தை வெளியூருக்கு விற்பவர்களும், வெளியூரிலிருந்து வாங்கி வருபவர்களும் தேக்கு, ஈட்டி போன்ற மரமானால் வண்டியில் ஏற்றுமுன் வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மரம் எடுத்துச் செல்வதற்கென்று 1968-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் தனி விதிகள் உண்டு. பிரிக்குமுன் கூரையோடு வீட்டைப் புகைப்படம் எடுத்து, வீட்டு வரி ரசீதையும் கையில் வைத்திருந்தால், மரம் எங்கிருந்து வந்தது என்று வழியில் கேட்பவருக்குப் பதில் சொல்வது எளிது.